முப்பத்தைந்து டிகிரி ஹாலில் ஒரு கேமிங் கணினி

மே மாதப் பின்மதியத்தில், சென்னைக்குத் தெற்கே பொத்தேரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஒரு வீட்டு ஹாலில் 35 டிகிரி என்பது சாதாரணம். கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும்போது அதற்கும் மேலே போகும். பொழுது சாய்ந்த பிறகும், பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த ஹாலில்தான் டிவி இருக்கிறது, சோபா இருக்கிறது. காட்டாங்குளத்தூர் கல்லூரி வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடாக இருந்தாலும், மறைமலை நகருக்கு வேலைக்குப் போய் வருகிற குடும்பத்தின் சொந்த ஃபிளாட்டாக இருந்தாலும், கேம் ஆட எல்லோரும் கூடுகிற இடம் அதுதான். அங்கே வைக்க ஒரு சின்ன, சத்தம் போடாத கணினியை அசெம்பிள் செய்ய என்ன பாகங்கள் வாங்கலாம்? இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். யூடியூபில் பார்த்துச் சேர்த்த பட்டியல். பாகங்கள் எல்லாம் நல்லவைதான். ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டவர் சோதித்துப் பார்த்த அறை 22 டிகிரியில் இருந்திருக்கும்.

இந்த வித்தியாசத்தைக் கணக்காகப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். சிப்பிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகம், சிப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே உள்ள வெப்பநிலை இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி பாதியானால், அதே கூலரும் அதே விசிறி வேகமும் பாதி வெப்பத்தைத்தான் கடத்தும். கிராஃபிக்ஸ் சிப் 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் இடைவெளி 58. நம் ஹாலில் 45. அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நாம் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறோம். அங்கே 180 வாட் சிப்பை அமைதியாக வைத்திருந்த கூலர், இங்கே அதே அமைதியில் 140 வாட்டைத்தான் தாங்கும். மீதி 40 வாட்டையும் வெளியேற்ற வேண்டுமென்றால் விசிறி வேகமெடுக்கும். கேபினட் சிறியதாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று அறையைவிட இன்னும் ஐந்து, பத்து டிகிரி கூடுதலாக இருக்கும். அப்போது இடைவெளி மேலும் சுருங்கும்.

மேலே சீலிங் ஃபேன் ஓடுகிறதே, அது உதவாதா என்று கேட்கலாம். சீலிங் ஃபேன் காற்றின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. நம் தோலில் உள்ள வியர்வையை ஆவியாக்கி நமக்குக் குளிர்ச்சி தருகிறது. சிப்புக்கு வியர்வை கிடையாது. கணினியின் பின்பக்கம் தேங்கி நிற்கும் சூடான காற்றைக் கலைத்துவிடுவதுதான் சீலிங் ஃபேன் அதற்குச் செய்யும் உதவி. அதுவும் கணினி திறந்த இடத்தில் இருந்தால்தான்.

ஆகவே இங்கே பாகத் தேர்வு விசிறியில் தொடங்கக் கூடாது, கேபினட்டிலும் தொடங்கக் கூடாது. வாட்டில் தொடங்க வேண்டும். கணினி உள்ளே இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. சத்தம் என்பது அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கு நாம் கொடுக்கிற விலை. வெப்பத்தையே உண்டாக்காமல் விட்டால் விலையும் இல்லை.

வாட்டை எப்படிக் குறைப்பது? குறைந்த வாட் கார்டை வாங்குவது ஒரு வழி. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டின் மதிப்பு 115 வாட். அதற்குப் பின்வந்த 5060 கார்டு 145 வாட், 5060 டி.ஐ. 180 வாட். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யில் 16 ஜி.பி. வகை 160 வாட். மேல்தட்டில் ஆர்.டி.எக்ஸ். 4090 ஒன்றே 450 வாட். அதை ஹாலில் வைப்பது அறைக்குள் ஒரு ஹீட்டரை ஓட விடுவதுதான். குறைந்த எண்ணைப் பார்த்து 4060 போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. சற்றுப் பெரிய சிப்பை வாங்கி, அதை மெதுவாக ஓட்டச் சொல்வேன்.

இதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை மிகத் தெளிவாக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். சென்னையில் பிறந்த அனந்தா சந்திரகாசன், பள்ளிப் பருவத்தில் அமெரிக்கா போய், பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தார். 1992-ல் சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் சேர்ந்து, குறைந்த மின்சக்தியில் இயங்கும் டிஜிட்டல் சுற்றுகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பிறகு எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, பொறியியல் பள்ளியின் தலைவராகி, 2025-ல் அந்நிறுவனத்தின் புரோவோஸ்ட் பொறுப்புக்கு வந்தார். சில்லு வடிவமைப்பு படிக்கிறவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கிறார்கள்.

அதன் கருத்து இதுதான். ஒரு சுற்று செலவழிக்கும் மின்சக்தி மூன்றின் பெருக்கல்: அதன் மின்தேக்குத் திறன், அது துடிக்கும் அதிர்வெண், மின்னழுத்தத்தின் வர்க்கம். வர்க்கம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் மின்செலவு 19 சதவீதம் குறையும். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் சுற்று வேகமாகத் துடிக்க முடியாது. அதற்கு அவர்கள் காட்டிய வழி, ஒரே வேலையைச் செய்ய இரண்டு சுற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பாதி வேகத்தில் ஓட்டுவது. பாதி வேகம் போதும் என்பதால், 5 வோல்ட்டில் ஓடியது 2.9 வோல்ட்டுக்கு இறங்கலாம். இரண்டு சுற்றுகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் சேர்ந்து மின்தேக்குத் திறன் 2.15 மடங்காகிறது, வேகம் பாதியாகிறது, மின்னழுத்தம் 0.58 மடங்கு, அதன் வர்க்கம் சுமார் 0.34. மூன்றையும் பெருக்கினால் 0.36. அதே வேலை, மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான மின்சாரத்தில் முடிகிறது.

கிராஃபிக்ஸ் சிப் என்பது இந்தக் கருத்தின் பெருவடிவம். ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் ஒன்றோடொன்று பக்கத்தில் நின்று வேலை செய்கின்றன. தயாரிப்பாளர்கள் போட்டியில் முந்துவதற்காக, அந்தச் சிப்பை அதன் வேகத்தின் நுனிவரை தள்ளி விற்கிறார்கள். கடைசிச் சில சதவீத வேகத்துக்காக மின்னழுத்தம் தாறுமாறாக ஏறுகிற இடம் அது. 180 வாட் கார்டை வாங்கி, மென்பொருளில் உள்ள பவர் லிமிட் அளவை இறக்கி 140 வாட்டில் நிறுத்திப் பாருங்கள். மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆட்டத்தின் வேகம் அந்த விகிதத்தில் குறையாது, பெரும்பாலும் சில சதவீதத்தோடு நின்றுவிடும். கூடவே அண்டர்வோல்ட்டும் செய்து, அதே வேகத்துக்குச் சற்றுக் குறைந்த மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அந்த இழப்பும் ஈடாகிவிடும். ஒவ்வொரு சிப்பும் எவ்வளவு தாங்கும் என்பது மாறுபடும். ஆகவே 25 மில்லிவோல்ட் படிகளாக இறக்கி, ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்து, ஆட்டம் நின்றுபோனால் ஒரு படி மேலேற வேண்டும். காசு செலவில்லாமல் சத்தத்தைக் குறைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

அடுத்த வழி டிவியிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் உள்ள டிவிகளில் பெரும்பாலானவை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கணினி நொடிக்கு 110 படம் வரைந்து கொடுத்தால் அதில் 50 படத்தை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. ஆனால் 110 படத்துக்கான வெப்பமும் ஹாலுக்குள் வந்துவிடும். ஃபிரேம் லிமிட்டை 60-ல் கட்டிவிடுங்கள்.

எத்தனை புள்ளிகள் வரைய வேண்டும் என்பதும் அப்படித்தான். பார்வை சரியாக உள்ள ஒருவரின் கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். அதில் 1920 புள்ளிகள் இருந்தால் ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர். அந்தப் புள்ளி கண்ணுக்குப் பிரியாமல் கலந்துபோகும் தூரம் சுமார் 2.2 மீட்டர். 43 அங்குல டிவிக்கு 1.7 மீட்டர். உங்கள் சோபா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, 4கே தீர்மானத்தில் நான்கு மடங்கு புள்ளிகளை வரையச் சொல்லிக் கார்டை வாட்டுவதில் பொருளில்லை. 1440 வரிசையில் வரைந்து, டி.எல்.எஸ்.எஸ். அல்லது எஃப்.எஸ்.ஆர். மூலம் பெரிதாக்கிக் காட்டினால் அந்தத் தூரத்தில் குறை தெரியாது. எழுத்துகள் மட்டும் சிறியதாக இருந்தால் ஆட்டத்தின் அமைப்பில் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கார்டு வாங்கும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒன்று 16 ஜி.பி. நினைவகம். 8 ஜி.பி. கார்டு இன்று நன்றாக ஓடினாலும், புதிய ஆட்டங்கள் அதை நிரப்பிவிடுகின்றன. நிரம்பியதும் படம் திக்கித் திக்கி நகரும். ஒற்றை விசிறி வைத்த குட்டிக் கார்டுகளையும் தவிர்க்கச் சொல்வேன். பார்க்க அழகாக, கேபினட்டுக்குள் எளிதாகப் போகும். ஆனால் அலுமினியத் தகடுகளின் பரப்பு குறைவு. 35 டிகிரியில் அந்தச் சின்ன விசிறி அலறும்.

பிராசஸர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 படத்துக்கு ஆறு கோர் உள்ள ரைசன் 5 7600 போன்ற ஒன்று தாராளம். முழுச் சுமையில் அதன் உச்ச வரம்பு 88 வாட். கேம் ஆடும்போது அதைவிட வெகுவாகக் குறைவாகவே இழுக்கும். பயாஸில் ஈகோ மோடைப் போட்டு இன்னும் இறக்கலாம். ரேம் 32 ஜி.பி., ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி.; இவை இரண்டும் சத்தம் போடாத பாகங்கள். 2025-ன் கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டதால் 16 ஜி.பி.யில் தொடங்குகிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் ஒரே குச்சியாக வாங்காமல் இரட்டையாக வாங்குங்கள். சின்ன மதர்போர்டில் ரேமுக்கு இரண்டே இடம். பின்னால் கூட்ட வேண்டுமென்றால் இரண்டையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி சத்தம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெட்டியில் அச்சடித்த டெசிபெல் எண்ணை நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

விசிறிக்குச் சில எளிய விதிகள் உண்டு. அது தள்ளும் காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதம். அதன் ஒலித் திறனோ, வேகத்தின் ஐந்தாம் அடுக்கைப் போல ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். சத்தம் 15 டெசிபெல் இறங்கும். பத்து டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும். இப்போது அதே விசிறியில் இன்னொன்றைச் சேர்த்து, இரண்டையும் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். காற்று பழைய அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு விசிறி என்பதால் சத்தம் 3 டெசிபெல் கூடும். நிகரமாக 12 டெசிபெல் லாபம். ஒரு விசிறியைப் பெரிதாக்கினாலும் இதே பலன்: 92 மில்லிமீட்டர் விசிறி தள்ளும் காற்றை 120 மில்லிமீட்டர் விசிறி கிட்டத்தட்ட 9 டெசிபெல் குறைவான சத்தத்தில் தள்ளும். சந்திரகாசன் சிப்புக்குள் செய்ததும் இதுவும் ஒரே வகைச் சிந்தனைதான். அகலமாக வைத்து மெதுவாக ஓட்டு.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். கணினி முழுவதும் சேர்ந்து 250 வாட் வெப்பம் தருகிறது, உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியே போக வேண்டும் என்றால், நொடிக்குச் சுமார் 22 லிட்டர் காற்று கடந்துபோக வேண்டும். விசிறிப் பெட்டிகளில் அச்சிடும் அலகில் அது 46 சி.எஃப்.எம். நோக்டுவாவின் பேர்பெற்ற 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்றில், எதிரே தடையே இல்லாதபோது, 60 சி.எஃப்.எம். தள்ளும். வடிகட்டி, கம்பி வலை, ஒயர்க் கட்டு எல்லாம் குறுக்கே வந்தால் அது வெகுவாகக் குறையும். ஆகவே அப்படி ஒரு விசிறி போதாது. இரண்டு அல்லது மூன்று வேண்டும். ஒவ்வொன்றும் 800, 900 சுற்றில் நிம்மதியாகச் சுற்றட்டும். இன்னும் பெரிய கார்டைப் போட்டு, மொத்தம் 400 வாட் என்று வைத்தால் இந்தத் தேவை 73 சி.எஃப்.எம். ஆகிவிடும். அப்போது சின்னப் பெட்டியில் அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

சூடான காற்று மேலே போகும், ஆகவே விசிறியை மேலே பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை கடைகளில் உலவுகிறது. நாற்பது சென்டிமீட்டர் உயரக் கேபினட்டுக்குள் காற்று 10 டிகிரி சூடாக இருந்தால், அது தானாக மேலேறும் அழுத்தம் சுமார் 0.15 பாஸ்கல். மேலே சொன்ன விசிறி 800 சுற்றில்கூட அதிகபட்சம் மூன்று நான்கு பாஸ்கல் அழுத்தம் தரக்கூடியது. விசிறி ஓடும்வரை காற்று, விசிறி சொல்லும் திசையில்தான் போகும். பக்கவாட்டில் இழுத்து எதிர்ப்பக்கம் தள்ளினாலும் சரி, காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் தடையில்லாத வழி இருந்தால் போதும்.

காது கேட்கும் விதம் இன்னும் சுவாரசியமானது. பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெட்சர் 1940-ல் காட்டியது இது: காது ஒலிகளை அதிர்வெண் வாரியாகச் சிறு சிறு பட்டைகளாகப் பிரித்துக் கேட்கிறது, ஓர் ஓசையை மறைக்க, அதே பட்டையில் இன்னோர் ஓசை வேண்டும். நம் ஹாலில் சீலிங் ஃபேன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எழுப்பும் பரந்த ‘ஹூ’ என்ற காற்றோசை, கணினி விசிறியின் மெல்லிய காற்றோசையை முழுவதுமாக விழுங்கிவிடும். ஐரோப்பிய வீட்டில் இரவு ஒன்பது மணிக்குக் கேட்கிற சத்தம் நமக்குக் கேட்காது. ஜி.எஸ்.டி. சாலை லாரிகளும் செங்கல்பட்டு ரயில்களும் வேறு கூடச் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் சீலிங் ஃபேனால் மறைக்க முடியாத மூன்று உண்டு. முதலாவது காயில் வைன். கிராஃபிக்ஸ் கார்டிலும், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் உள்ள கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்கும்போது அவை நுண்ணியதாக அதிர்ந்து ‘கீ’ என்று கத்தும். அது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் வருவது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரைதான். படங்களின் எண்ணிக்கை கூடக் கூட அது உரக்கக் கேட்கும்; மெனு திரையில் நொடிக்கு ஆயிரம் படம் வரையும்போதுதான் மிகவும் மோசம். 60-ல் கட்டியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது, கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு விசிறிகள். ஏழு இதழ் கொண்ட ஒரு விசிறி 1000 சுற்றிலும் பக்கத்து விசிறி 1020 சுற்றிலும் ஓடினால், இரண்டின் ஓசையும் நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் கூடிக் குறைந்து ‘ஊம்... ஊம்...’ என்று அலையடிக்கும். அவற்றை வேண்டுமென்றே ஐந்தில் ஒரு பங்கு வேக வித்தியாசத்தில் ஓட்டிவிட்டால் அந்த அலை தெரியாது. மூன்றாவது, ஏறி இறங்கும் சத்தம். நிலையாக ஒலிக்கும் எதையும் மூளை சீக்கிரம் ஒதுக்கிவிடும். மாறிக்கொண்டே இருப்பதை ஒதுக்காது. கேமில் ஒரு கதவு திறந்ததும் விசிறி சீறி, அடுத்த நொடி அடங்கினால், சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து சீரியலின் மிச்சத்தை ஃபோனில் பார்க்கும் அம்மாகூட நிமிர்ந்து பார்ப்பார். விசிறி வேகத்துக்கான வரைகோட்டை பயாஸில் படியாகப் போடாமல் சாய்வாகப் போட்டு, வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதமும் கொடுங்கள். சூடு குறைவாக இருக்கும்போது விசிறி முழுவதும் நின்றுவிடும் வசதி விளம்பரத்தில் நன்றாக இருக்கும். நம் ஹாலில் கார்டு அந்த எல்லையிலேயே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும்; விசிறி நின்று நின்று ஓடும். அதை அணைத்துவிட்டு, எப்போதும் மெதுவாகச் சுற்ற விடுவதே மேல்.

தண்ணீர்க் கூலர் வாங்கலாமா? தண்ணீர் வெப்பத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கடைசியில் அதை வாங்கிக்கொள்வது அதே 35 டிகிரிக் காற்று. பம்ப்பின் ஓசையோ ஒற்றைச் சுருதியில் வருவது. மேலே சொன்ன மறையாத வகை. 140 வாட் கார்டுக்கும் 60, 70 வாட் பிராசஸருக்கும் அது தேவையில்லை.

கேபினட்டுக்கு வருவோம். தைவானின் வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த மினி ஐ.டி.எக்ஸ். என்ற 17 சென்டிமீட்டர் சதுர மதர்போர்டுதான் இன்றைய சின்னக் கணினிகளுக்கெல்லாம் அடிப்படை. அதைச் சுற்றி 7 லிட்டர் பெட்டியும் கட்டுகிறார்கள், 20 லிட்டரும் கட்டுகிறார்கள். ஃபிராக்டல் நிறுவனத்தின் ரிட்ஜ் 12.6 லிட்டர், பிளேஸ்டேஷன் போல ஒல்லியாக டிவி பக்கத்தில் நிற்கும். கூலர் மாஸ்டரின் என்.ஆர். 200 சுமார் 18 லிட்டர். செருப்புப் பெட்டிகள் இரண்டை அடுக்கினாற்போல இருக்கும். நான் பொத்தேரிக்குப் பரிந்துரைப்பது இரண்டாவது வகையை. காரணம், பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள கோபுரக் கூலர் அதில் நிற்கும், 120 மில்லிமீட்டர் விசிறிகள் பல பொருந்தும். 37 மில்லிமீட்டர் தட்டைக் கூலர் போட வேண்டிய குட்டிப் பெட்டி, குளிர்நாட்டு வீட்டுக்கு ஏற்றது. ஐந்து லிட்டர் இடத்தை மிச்சப்படுத்தக் காது கொடுக்கும் விலை நம் ஊரில் அதிகம்.

பெரிய நிறுவனங்கள் ஹால் கருவிக்கு என்ன செய்கின்றன என்று பாருங்கள். 2020-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், பெட்டியின் உச்சியில் ஒரே ஒரு 130 மில்லிமீட்டர் விசிறியை வைத்து, கீழிருந்து காற்றை இழுக்கிறது. 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் மெஷின் ஏறத்தாழ ஆறு அங்குலக் கனசதுரம். அதில் கிராஃபிக்ஸுக்கு 110 வாட், பிராசஸருக்கு 30 வாட் என்று வரம்பு கட்டி, ஒரு பெரிய விசிறியைச் சுற்றி மற்றதையெல்லாம் அடுக்கியிருக்கிறார்கள். அவர்களும் வாட்டில்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருக் கணினிக் கடையில் ஹாலுக்கு என்று சொன்னதும் சொல்வார்கள்: “டிவி யூனிட்டுக்குள்ளயே தள்ளிடலாம் சார், வெளிய தெரியாது, நீட்டா இருக்கும்.” தயவுசெய்து வேண்டாம். மூன்று பக்கமும் பலகை அடைத்த மர அலமாரிக்குள் கணினி தான் கக்கிய காற்றையே திரும்ப இழுக்கும். அரை மணி நேரத்தில் அலமாரிக்குள் 45 டிகிரி ஆகிவிடும். கூலருக்கு மிச்சமிருந்த இடைவெளியில் இன்னும் பத்து டிகிரி போயிற்று. கதவைக் கழற்றி, பின்பலகையில் பெரிய துளை போட முடிந்தால் சரி. இல்லையென்றால் அலமாரிக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காற்று வெளியேறும் இடத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு உள்ளே இழுக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டாவது இடத்திலும் வெதுவெதுப்பு தெரிந்தால் சூடான காற்று சுற்றி வருகிறது என்று அர்த்தம்.

சாலையோரக் குடியிருப்பில் தூசி பெரிய விஷயம். காந்தத்தில் ஒட்டும் நைலான் வடிகட்டி உள்ள கேபினட்டாக வாங்குங்கள். உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளுபவற்றைவிடச் சற்று வலுவாக இருந்தால், காற்று வடிகட்டி வழியாக மட்டுமே உள்ளே வரும். இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது. வடிகட்டி சாம்பல் படிந்த கம்பளி போல ஆவதற்குள் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

மின்சாரத்துக்கு வருகிறேன். கடையில் 850 வாட் எஸ்.எம்.பி.எஸ். தருவார்கள், “சேஃப்டிக்கு” என்று. மொத்தமே 250 வாட் இழுக்கும் கணினிக்கு 550 முதல் 650 வாட் வரை போதும். அந்த அளவில் ஏறத்தாழப் பாதிச் சுமையில் ஓடும், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் திறன் மிக நன்றாக இருப்பதும் அங்கேதான். கார்டு ஓரிரு மில்லிநொடி திடீரென்று கூடுதலாக இழுப்பதையும் அது சமாளிக்கும். வாட்டைவிடத் தரம் முக்கியம். கணினிக்கு 220 வாட் கொடுக்க, 90 சதவீதத் திறனுள்ள எஸ்.எம்.பி.எஸ். 24 வாட்டை வெப்பமாக வீணாக்கும். 82 சதவீதத் திறனுள்ளது 48 வாட்டை. குட்டிக் கேபினட்டுக்குள் அந்த 24 வாட் வித்தியாசம் ஒரு விசிறியை வேகமெடுக்க வைத்துவிடும். 80 பிளஸ் கோல்டு முத்திரைக்குக் கீழே இறங்காதீர்கள். எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சிறிய வகை கேட்க வேண்டும். சாதாரண வகை உள்ளே போகாது.

கரண்ட் போகும் ஊர் என்பதால் இன்வெர்ட்டரையும் பார்த்துவிடுங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் நின்ற பிறகும் சுமார் 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்கும். நம் மின்சாரத்தின் ஒரு முழு அலை 20 மில்லிநொடி. அந்த 16 மில்லிநொடிக்குள் இன்வெர்ட்டர் கைகொடுத்தால் ஆட்டம் நிற்காது. பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். மோடு என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டால்தான் அந்த வேகத்தில் மாறும். அதைவிட முக்கியம், அது சைன் வேவ் வகையாக இருப்பது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இன்றைய எஸ்.எம்.பி.எஸ். உறுமும், சில சமயம் அணைந்தே போகும். டிவி பக்கத்து பிளக்கில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவதும் நல்லது. கேபினட்டைத் தொட்டால் மெலிதாகச் சுரீர் என்றால், எர்த் இல்லை.

ஏ.சி. உள்ள ஹாலுக்கு ஒரு கணக்கு. ஒரு டன் ஏ.சி. அகற்றக்கூடிய வெப்பம் 3,517 வாட். 350 வாட் கணினி அதில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அறைக்குள் கூடுதலாக மூன்று பேர் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். கணினி இழுக்கும் மின்சாரத்துக்கும் கட்டணம், அதன் சூட்டை வெளியே தள்ள ஏ.சி. இழுக்கும் மின்சாரத்துக்கும் கட்டணம். வாட்டைக் குறைத்தால் இரண்டும் குறையும்.

வாங்குவதற்குப் பொத்தேரியிலிருந்து லோக்கல் ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெரு நடை தூரம். மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டும் எஸ்.எஃப்.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. முன்கூட்டியே ஃபோனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கேபினட்டின் அளவுத் தாளைக் கையோடு கொண்டுபோய், கார்டின் நீளம், தடிமன், கூலரின் உயரம் மூன்றையும் கடையிலேயே ஒப்பிடுங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாரன்ட்டிக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

அசெம்பிள் செய்தபின் இரவு பத்து மணிக்கு ஏ.சி. போட்ட அறையில் சோதித்துத் திருப்திப்பட வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு, ஏ.சி. இல்லாமல், சீலிங் ஃபேன் மட்டும் ஓட, கனமான ஓர் ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். கார்டின் சூடு 80-க்குக் கீழும், கேபினட் விசிறிகள் 1000 சுற்றுக்குக் கீழும் நின்றால் வேலை முடிந்தது. தாண்டினால் விசிறியைக் கூட்டாதீர்கள். பவர் லிமிட்டை இன்னும் பத்து வாட் இறக்கி, மறுபடி ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள்.